மூளை ஸ்கேன் பார்த்து பைபோலாரா டிப்ரெஷனா என்று சொல்ல முடியுமா?

ஜனவரி 9, மாலை – கேள்வி

தம்பிக்கு 24 வயது. மனச்சோர்வில் விழுவது இது இரண்டாவது தடவை. போன தடவை எழுந்து வர ஆறு மாதம் ஆனது. இந்தத் தடவை மூன்று மாதமாக அறையை விட்டு வெளியே வருவதில்லை. நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் தூங்குகிறான். டாக்டர் டிப்ரெஷன் என்று சொல்லி நேற்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். எங்கள் சித்தப்பாவுக்கு பைபோலார் உண்டு, சோர்வும் அளவு மீறிய வேகமும் மாறி மாறி வரும் நோய். அதனால் எனக்குப் பயம். மூளை ஸ்கேன் எடுத்தால் இரண்டில் எது என்று 80 சதவீதம் சரியாகச் சொல்லிவிடலாம் என்று படித்தேன். டாக்டரோ ஸ்கேன் வேண்டியதில்லை என்கிறார். விடாமல் கேட்டு எடுத்துவிடலாமா?

ஜனவரி 9, இரவு – பதில்

வேண்டாம். ஸ்கேனால் ஒரு பயனும் இல்லை.

எனக்கு பைபோலார், வேகம் லேசாக மட்டும் வரும் இரண்டாம் வகை. அது தெரிவதற்கு முன்னால் எட்டு வருடம் டிப்ரெஷன் என்றே மாத்திரை சாப்பிட்டேன். உங்களைப் போலவே ஸ்கேன் சொல்லிவிடும் என்று நம்பி, ஓர் ஆய்வுக்குப் பெயர் கொடுத்து, எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுத்துவிட்டும் வந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் படித்த 80 சதவீதம் பொய்யில்லை. 2014இல் வந்த ஆய்வு. ஜெர்மனியின் மூன்ஸ்டரிலும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கிலும் எடுத்த ஸ்கேன்கள். பைபோலாரால் சோர்ந்திருந்தவர்கள் 58 பேர், பைபோலார் இல்லாமல் சோர்ந்திருந்தவர்கள் 58 பேர், நோயில்லாதவர்கள் 58 பேர். மூளையில் நரம்பணுக்கள் அடர்ந்திருக்கும் சாம்பல் நிறப் பொருள் எங்கே எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்துக் கணினி இரண்டு நோயையும் 79.3 சதவீதம் சரியாகப் பிரித்தது. அதை ஏன் உங்கள் தம்பிக்குப் பொருத்த முடியாது என்று அப்புறம் எழுதுகிறேன். இப்போது தூங்கப் போக வேண்டும். எனக்குத் தூக்கம் மருந்து மாதிரி, தள்ளிப்போடக் கூடாது.

அதற்குள் வீட்டில் உள்ளவர்களைக் கேட்டு வையுங்கள். எப்போதாவது நாலைந்து நாள் தொடர்ந்து, மூன்று நான்கு மணி நேரம் மட்டும் தூங்கி, களைப்பே இல்லாமல் இருந்தானா? பேச்சு வேகமாக இருந்ததா? ஒரே நேரத்தில் பத்து வேலையைத் தொடங்கினானா? அவனிடம் மட்டும் கேட்டால் போதாது. அம்மாவிடம் கேளுங்கள், கூடப் படித்தவர்களிடம் கேளுங்கள்.

ஜனவரி 10, காலை

டாக்டர்கள் ஏன் தவறவிடுகிறார்கள் என்பதைச் சொல்லாமல் ஸ்கேனைப் பற்றிப் பேச முடியாது.

பைபோலாரின் மனச்சோர்வும் சாதாரண மனச்சோர்வும் வெளியே பார்க்க ஒன்றுதான். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இரண்டுக்கும் ஒரே அறிகுறிப் பட்டியல்தான், இரண்டு வாரம் என்ற ஒரே கணக்குதான். வித்தியாசம் மறு முனையில், மனமும் உடம்பும் வேகமெடுக்கும் காலத்தில் இருக்கிறது. அது தலைகாட்டியிருக்க வேண்டும்: மேனியா என்றால் ஏழு நாள், அதைவிட லேசான ஹைப்போமேனியா என்றால் நாலு நாள். 1899இல் ஜெர்மன் மனநல மருத்துவர் கிரேப்பலின் இரண்டையும் ஒரே நோயாகத்தான் கட்டி வைத்தார். 1957இல் லியோன்ஹார்ட் பிரித்துப் பார்த்தார். 1966இல் ஆங்ஸ்ட் ஒரு பக்கம், பெர்ரிஸ் இன்னொரு பக்கம், தனித்தனியாக அதையே காட்டினார்கள். 1980இல்தான் கையேட்டுக்குள் தனித்தனி நோயாக வந்தன. இவர்கள் யாரும் மூளையைப் பார்த்துப் பிரிக்கவில்லை. நோயாளியின் கடந்த காலத்தையும் குடும்பத்தையும் பார்த்துப் பிரித்தார்கள்.

இரண்டாம் வகை பைபோலார் உள்ள 86 பேரைச் சராசரியாகப் பதின்மூன்று வருடத்துக்கும் மேல் வாரவாரமாகக் கணக்கெடுத்த ஓர் ஆய்வு 2003இல் வந்தது. அவர்கள் மொத்த வாரங்களில் பாதியைச் சோர்வு அறிகுறிகளோடு கழித்திருந்தார்கள். ஹைப்போமேனியாவில் கழித்தது 1.3 சதவீதம். அந்த 1.3 சதவீதத்தில் யாராவது டாக்டரிடம் போவார்களா? நான் போகவில்லை. 26 வயதில் பதினோரு நாளில் 140 பக்கம் எழுதினேன். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்தால் விரல் நிற்காது. நல்ல விளக்கு ஒன்றை யாரோ உள்ளே ஏற்றி வைத்த மாதிரி இருந்தது. அதை நோய் என்று எப்படி நினைப்பேன்? ஒருவழியாகக் குணமாகிவிட்டேன் என்றே நினைத்தேன். அடுத்த மாதம் டாக்டரிடம் போனபோது அந்த விளக்கு அணைந்திருந்தது. சோர்வைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்தேன்.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு பைபோலார் உள்ளவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் 69 சதவீதம் பேர், முதலில் தங்களுக்கு வேறு நோயின் பெயர் சொல்லப்பட்டது என்றார்கள். பெரும்பாலும் டிப்ரெஷன். சரியான பெயர் கிடைப்பதற்குள் அவர்கள் சராசரியாக நாலு டாக்டர்களைப் பார்த்திருந்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பத்து வருடமோ அதற்கும் அதிகமோ காத்திருந்தார்கள். ஸ்கேன் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுவதில் ஒரு தவறும் இல்லை. அந்தப் பத்து வருடத்தை யாரால் தாங்க முடியும்?

ஜனவரி 10, இரவு

ஸ்கேன் எப்படி இருக்கும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

நான் போனபோது 25 வயது. நகை, கொக்கி, உலோகம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். காதில் அடைப்பான், அதற்கு மேல் ஹெட்போன். தலை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் பஞ்சு அணை. முகத்துக்கு மேலே கூண்டு மாதிரி ஒரு சட்டம், அதில் ஒரு சிறு கண்ணாடி. அந்தக் கண்ணாடி வழியாகத் திரை தெரியும். ஏறக்குறைய ஐம்பது நிமிடம். சுத்தியலால் தகரத்தைத் தட்டுகிற மாதிரி சத்தம், விட்டு விட்டு.

திரையில் முகங்கள் வந்தன. பயந்த முகம், கோபமான முகம், சிரித்த முகம். மேலே உள்ள முகத்தோடு கீழே இருக்கும் இரண்டில் எது பொருந்துகிறதோ அந்தப் பக்கத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். முகத்தில் உள்ள உணர்ச்சிக்கு அமிக்டலா என்ற பாதாம்பருப்பு அளவுப் பகுதி எவ்வளவு துள்ளுகிறது என்று பார்க்கிறார்களாம். உண்மையில் அந்த இயந்திரம் எண்ணத்தையோ உணர்ச்சியையோ பார்ப்பதில்லை. வேலை செய்யும் இடத்துக்கு ரத்தம் அதிகம் ஓடும்போது அதில் உள்ள ஆக்சிஜனின் அளவு மாறுகிறது, அந்த மாற்றத்தைப் பிடிக்கிறது. 1990இல் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா காட்டிய வழி அது.

முடிந்து வெளியே வந்ததும் அங்கிருந்த ஆராய்ச்சியாளரிடம், "எனக்கு எது?" என்று கேட்டேன். "ஒருவருடைய படத்தை வைத்து எங்களால் சொல்ல முடியாது. நிறையப் பேரின் சராசரியைத்தான் பார்க்கிறோம்" என்றார். படிவத்திலும் அது எழுதியிருந்தது, நான் கையெழுத்தும் போட்டிருந்தேன். ஆனாலும் படியிறங்கும்போது அழுகை வந்தது. என் தலைக்குள் இருப்பதை அவ்வளவு தெளிவாகப் படம் எடுத்துவிட்டு அதில் பதில் இல்லை என்றால் என்ன செய்வது?

ஜனவரி 11

எண்களுக்கு வருகிறேன். முதல் குறிப்பில் 79.3 என்று எழுதினேன், அது பாதி விவரம்தான். ஒரே இடத்து ஸ்கேன்களில் கற்று, அதே இடத்து ஸ்கேன்களில் சோதித்தபோது கிடைத்த எண் அது. பிட்ஸ்பர்கில் கற்றுக்கொண்டு மூன்ஸ்டரில் சோதித்தபோது ஏறக்குறைய 69 சதவீதமாகிவிட்டது. அந்த ஆய்வாளர்களே இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். செய்தியாக வரும்போதுதான் பெரிய எண் மட்டும் ஒட்டிக்கொள்கிறது. நானும் அதைத்தான் ஒட்டினேன்.

சரி, நாணயத்தைச் சுண்டினாலே 50 சதவீதம் கிடைக்கும். 69ஐ அந்தக் கண்ணோடு பாருங்கள்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். ஆள் எண்ணிக்கை குறைந்தால் எண் ஏறுகிறது. 2013இல் பைபோலாரில் 18 பெண்கள், டிப்ரெஷனில் 18 பெண்கள் என்று வைத்து, மூளையின் முன்பக்கம் ஓடும் ரத்தத்தை அளந்தபோது 81 சதவீதம் வந்தது. எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு 853 பைபோலார் நோயாளிகளையும் 2167 நோயில்லாதவர்களையும் சேர்த்துப் பார்த்தபோது 65 சதவீதம். 2022இல் 1809 பேரை வைத்து ஜெர்மனியில் பார்த்தபோது, மனச்சோர்வு உள்ளவரையும் இல்லாதவரையும் மூளையின் எந்த ஒரு அளவை வைத்துப் பிரித்தாலும் 54லிருந்து 56 சதவீதம்தான். இரண்டு கூட்டத்தின் அளவுகளும் 87லிருந்து 95 சதவீதம் வரை ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடந்தன.

கடைசி இரண்டும் நோயாளியை நோயில்லாதவரிடமிருந்து பிரித்த ஆய்வுகள், பைபோலாரை டிப்ரெஷனிலிருந்து பிரித்தவை அல்ல. நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. ஆனால் நோயில்லாதவரிடமிருந்து பிரிப்பதே இவ்வளவு கடினம் என்றால், ஒரே மாதிரி சோர்ந்து படுத்திருக்கும் இரண்டு பேரைப் பிரிப்பது எவ்வளவு கடினம்?

சிறு கூட்டத்தில் எண் ஏன் ஏறுகிறது? ஒரு படத்தில் லட்சக்கணக்கான புள்ளிகள். ஆளோ முப்பது பேர். அத்தனை புள்ளிகளில் தேடினால் அந்த முப்பது பேருக்கு மட்டும் பொருந்தும் ஏதாவது ஒன்று எப்படியும் அகப்படும். கணினி அதைப் பிடித்துக்கொள்ளும். முப்பத்தொன்றாவது ஆள் உள்ளே வந்ததும் கை விரித்துவிடும்.

ஜனவரி 12

"69ஓ 80ஓ, ஒன்றுமில்லாததற்கு அது மேல்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மனச்சோர்வோடு ஆயிரம் பேர் வருகிறார்கள், அவர்களில் நூறு பேருக்கு உண்மையில் பைபோலார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் 80 சதவீதம் சரியாகச் சொல்லும் ஸ்கேன். நூறில் 80 பேரைப் பிடிக்கும். மீதி தொள்ளாயிரத்தில் 180 பேரையும் சேர்த்து பைபோலார் என்று சொல்லும். ஆக 260 பேரிடம் "உங்களுக்கு பைபோலார்" என்று சொன்னால் அதில் 80 பேருக்குத்தான் அது உண்மை. மூன்றில் ஒருவர்கூட இல்லை. மீதிப் பேர் தேவையே இல்லாமல் பைபோலாருக்குக் கொடுக்கும் லித்தியமோ வேறொன்றோ சாப்பிட்டு ரத்தப் பரிசோதனைக்கு அலைவார்கள். விட்டுப்போன அந்த இருபது பேரோ "ஸ்கேனே இல்லை என்று சொல்லிவிட்டது" என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். அந்த இருபது பேரைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

ஜனவரி 14

லித்தியம் என்றதும் ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்: மருந்து மூளையின் படத்தை மாற்றாதா?

மாற்றும். 2000ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு: பைபோலார் உள்ள பத்துப் பேருக்கு நாலு வாரம் லித்தியம் கொடுத்து, முன்னும் பின்னும் ஸ்கேன். எட்டுப் பேருக்குச் சாம்பல் நிறப் பொருள் கூடியிருந்தது, சராசரியாக 3 சதவீதம். ஆள் குறைவுதான், ஆனால் லித்தியம் சாப்பிடுகிறவர்களின் மூளை அளவு வேறாக இருப்பதைப் பிறகு வந்த பெரிய ஆய்வுகளும் பார்த்தன.

இதை ஸ்கேன் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். பைபோலார் வரிசையில் இருப்பவர்கள் லித்தியமோ வால்ப்ரோயேட்டோ சாப்பிடுகிறார்கள், டிப்ரெஷன் வரிசையில் இருப்பவர்கள் வேறு மாத்திரை. கணினி சரியாகப் பிரித்தது என்று சந்தோஷப்பட்டால், அது நோயைப் பிரித்ததா, மாத்திரைச் சீட்டைப் பிரித்ததா? நல்ல ஆய்வாளர்கள் இதற்காகவே மருந்தின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். முழுவதும் கழித்துவிட முடியாது. பல வருடச் சிகிச்சை மூளையில் என்ன செய்தது என்பதை ஒரு எண்ணாக மாற்றிக் கழிப்பது எப்படி?

ஜனவரி 15, காலை

முதல் நாள் "ஸ்கேனால் ஒரு பயனும் இல்லை" என்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். அப்படி எழுதியிருக்கக் கூடாது. அன்றைக்கு என் பழைய ஏமாற்றம்தான் பேசியது.

டாக்டர் கேட்டால் எடுத்தே ஆக வேண்டிய நேரங்கள் உண்டு. வயதான பிறகு முதல் தடவையாக மேனியா வருகிறது, திடீரென்று குணமே மாறிவிடுகிறது, வலிப்பு வருகிறது, தலையில் அடிபட்டிருக்கிறது, கை கால் ஒரு பக்கம் தளர்கிறது என்றால் மூளையில் கட்டியோ பக்கவாதமோ வேறு எதுவோ இருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். அங்கே ஸ்கேன் உயிர் காக்கும். பைபோலாரா டிப்ரெஷனா என்ற ஒரே கேள்விக்குத்தான் அதனிடம் இன்னும் பதில் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் குழு ஒன்று 2018இல் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிவிட்டு, மனநோய்களை அன்றாட மருத்துவத்தில் கண்டறிய ஸ்கேன் இன்னும் தயாராகவில்லை என்றுதான் எழுதியது.

ஆராய்ச்சியும் வீணில்லை. 1997இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒன்றைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நெற்றிக்குப் பின்னால், உள்ளே நடுவில், ஒரு சிறு பகுதி. குடும்பத்தில் இந்த நோய் உள்ளவர்களில், பைபோலாரில் 39 சதவீதமும் டிப்ரெஷனில் 48 சதவீதமும் அங்கே சாம்பல் நிறப் பொருள் குறைந்திருந்தது. நம் துக்கத்துக்கு மூளையில் ஓர் இடம் இருக்கிறது, இது சோம்பேறித்தனம் இல்லை என்று யாரோ பக்கத்தில் வந்து சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. பிறகுதான் இன்னொன்று உறைத்தது: இரண்டு நோயிலும் அதே இடம். நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியும் அப்படித்தான். எனிக்மாவின் பெரிய கணக்குகளில் இரண்டு நோயிலும் சராசரியாகக் கொஞ்சம் சிறுத்திருக்கிறது, பைபோலாரில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. இரண்டும் ஒரே தெருவில் இருக்கும் வீடுகள். தெருவைக் கண்டுபிடித்துவிட்டார்கள், கதவு எண் இன்னும் கிடைக்கவில்லை.

ஜனவரி 16, இரவு 10.40

இப்போதுதான் நீங்கள் எழுதியதைப் பார்த்தேன். தம்பி மூன்று நாளாக மூன்று மணி நேரம்தான் தூங்குகிறான், சத்தமாகப் பாடுகிறான், வீட்டை மாற்றிக் கட்டப் போகிறேன் என்கிறான், "மருந்து அருமையாக வேலை செய்கிறது" என்று அம்மா சந்தோஷப்படுகிறார்.

டாக்டரை இப்போதே கூப்பிடுங்கள், காலை வரை காத்திருக்க வேண்டாம். டாக்டர் கிடைக்காவிட்டால் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். மனச்சோர்வு மாத்திரை தொடங்கிய பிறகு தூக்கம் இப்படிக் குறைந்து வேகம் ஏறினால் அது பைபோலாரின் அடையாளமாக இருக்கலாம். மாத்திரையை நிறுத்துவதா என்பதையும் அவரிடமே கேளுங்கள், நீங்களாக ஒன்றும் செய்யாதீர்கள். அவனைத் தனியாக விடாதீர்கள். உள்ளே சோர்வும் வெளியே வேகமும் சேர்ந்து இருக்கும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். சாக வேண்டும் என்று நினைக்கிறாயா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

ஜனவரி 18

நீங்கள் எழுதியதைப் படித்ததும் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. டாக்டர் அன்று இரவே பேசியதும், மறுநாள் அம்மாவை உட்கார வைத்து ஒரு மணி நேரம் கேட்டதும் நல்லது. கல்லூரி முதல் வருடத்தில் அவன் ஒரு வாரம் தூங்காமல் நண்பர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு நிறுவனம் தொடங்கப் போகிறேன் என்று அலைந்ததை அம்மா அப்போதுதான் சொன்னார் என்கிறீர்கள். அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். அவருக்கு அது பிள்ளையின் உற்சாகம். அதுவரை யாரும் அவரைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மாத்திரையால் வந்த வேகம் கணக்கில் சேருமா என்று கேட்டீர்கள். அமெரிக்கச் சங்கக் கையேட்டின் 2013 பதிப்பின்படி, மருந்தின் நேரடி வேகம் தணிந்த பிறகும் முழு அறிகுறிகள் தொடர்ந்தால் சேரும். ஆனால் உங்கள் வீட்டில் மாத்திரைக்கு வெகு முன்னாலேயே அந்த ஒரு வாரம் இருக்கிறது. டாக்டருக்கு அதுதான் பெரிய சாட்சி.

மனச்சோர்வு மாத்திரையே விஷம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படிச் சொல்ல வேண்டாம். எத்தனையோ பேரை அது எழுப்பி உட்கார வைத்திருக்கிறது. பைபோலாரில் அது தனியாகப் போனால் சிலருக்கு மேலே தள்ளிவிடும். 2007இல் அமெரிக்காவில் 366 பேரை வைத்துப் பார்த்த ஆய்வில், மனநிலையை நிலைப்படுத்தும் மருந்தோடு அதைச் சேர்த்துக் கொடுத்தபோது மேனியா கூடவும் இல்லை, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட நல்ல பலனும் கிடைக்கவில்லை. நிலையாகக் குணமானவர்கள் மருந்தில் 23.5 சதவீதம், வெற்று மாத்திரையில் 27.3.

ஜனவரி 20

நான் எழுதியதை எல்லாம் அக்கா படித்துவிட்டு நேற்று போனில் கூப்பிட்டாள். "எட்டு வருடம் என்று எழுதியிருக்கிறாயே, தப்பு" என்றாள்.

என் கணக்கில் முதல் சோர்வு 19 வயதில், சரியான பெயர் கிடைத்தது 27இல். அக்காவின் கணக்கில் 16 வயதிலேயே நான் ஒரு விடுமுறை முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேனாம். அதை "வளர்கிற வயசு" என்று விட்டுவிட்டார்களாம். அது மட்டுமில்லை, அந்த 140 பக்கம் முதல் ஹைப்போமேனியாவும் இல்லையாம். 22 வயதில் ஒரு வாரம் இரவெல்லாம் விழித்து அறைச் சுவர் முழுக்க வண்ணம் அடித்தேன், ஒரே வாரத்தில் மூன்று படிப்புக்கு விண்ணப்பித்தேன், அவளிடம் வாங்கிய பணத்தில் பாதிக்குப் புத்தகம் வாங்கிக் குவித்தேன் என்றாள். தன் பழைய நாட்குறிப்பில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறாள். சுவர் நினைவிருக்கிறது. ஆனால் எத்தனையோ வருடமாக அதை ஒரு நல்ல விடுமுறையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆக எட்டு இல்லை, பதினொன்று. திருத்திக்கொள்கிறேன்.

டாக்டரைப் பார்க்கும் முன் ஒரு நீளத் தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். பிறந்த வருடத்திலிருந்து இன்று வரை. சோர்ந்த காலம் கோட்டுக்குக் கீழே, வேகமான காலம் மேலே. மருந்து தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி, தேர்வு, வேலை, இழப்பு, பிரசவம் எல்லாவற்றையும் குறியுங்கள். குடும்பத்தில் யாருக்கு என்ன என்பதை ஓரத்தில் எழுதுங்கள். பிறகு கூட இருந்தவர் ஒருவரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். எனக்கு அக்கா திருத்தியது மாதிரி. பதின்மூன்று கேள்விகள் கொண்ட மனநிலைக் கோளாறு வினாத்தாள் ஒன்றும் 2000இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. ஏழு கேள்விக்காவது ஆம் என்று வந்து, அவை ஒரே காலத்தில் நடந்து, வாழ்க்கையில் சிக்கலும் கொடுத்திருந்தால் மேலே விசாரிக்க வேண்டும். விசாரிக்கத்தான், முடிவு கட்ட இல்லை.

ஜனவரி 22

"உங்களை அந்த ஆய்வில் எந்த வரிசையில் சேர்த்தார்கள்?" என்று ஒருவர் ஒற்றை வரியில் கேட்டிருக்கிறார்.

டிப்ரெஷன் வரிசையில். 25 வயதில் என் சீட்டில் அதுதானே எழுதியிருந்தது.

ஜனவரி 23, அதிகாலை

அந்த ஒற்றை வரி என்னை விடவில்லை. தேதிகளைக் கூட்டிப் பார்த்தேன். அக்காவின் நாட்குறிப்பின்படி 22 வயதிலேயே எனக்கு ஹைப்போமேனியா வந்துவிட்டது. ஸ்கேன் எடுத்தது 25இல். அன்று அந்தக் குழாய்க்குள் படுத்திருந்தது பைபோலார் மூளை. மேலே ஒட்டியிருந்த சீட்டு டிப்ரெஷன். "டிப்ரெஷன் மூளை இப்படித்தான் இருக்கும்" என்று கணினிக்குக் கற்றுக்கொடுக்க என் படத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் ஒருத்தி மட்டும் இருக்க மாட்டேன். சூரிச்சில் ஆங்ஸ்டின் குழு, 1959க்கும் 1963க்கும் இடையில் மருத்துவமனையில் சேர்ந்த 406 பேரை இருபது வருடத்துக்கும் மேலாகப் பின்தொடர்ந்தது. டிப்ரெஷன் என்று தொடங்கியவர்கள் வருடத்துக்கு 1 சதவீதம் வீதம் முதல் வகை பைபோலாராகவும், 0.5 சதவீதம் வீதம் இரண்டாம் வகையாகவும் மாறிக்கொண்டே இருந்தார்கள். எந்த வருடத்திலும் அது நின்றுவிடவில்லை. அப்படியென்றால் டிப்ரெஷன் வரிசை என்று ஸ்கேன் ஆய்வுகளில் வைக்கும் எந்தக் கூட்டத்திலும், மறு முனை இன்னும் வெளியே வராத சிலர் இருப்பார்கள். கணினி அவர்களில் ஒருவரை பைபோலார் என்று சொன்னால் அதைத் தவறு என்று எண்ணுவார்கள். ஒருவேளை அங்கேதான் அது சரியாகச் சொல்லியிருக்குமோ?

இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. 11ஆம் தேதி எழுதிய எண்களை நான் இயந்திரத்தின் தோல்வியாக மட்டும் படித்தேன். அதில் ஒரு பங்கு சீட்டு எழுதியவர்களின் தவறு. எங்கள் மறதிக்கும் அதில் பங்குண்டு.

ஒரு நாள் எடுத்த படத்தைவிட, சோர்வு முதல் தடவை வந்த இளையவர்களை எடுத்து, பத்து வருடம் கூடவே இருந்து, யார் எந்தப் பக்கம் போனார்கள் என்று பார்த்த பிறகு பழைய படத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்கிற ஆய்வுதான் வேண்டும். செலவும் பொறுமையும் அதிகம் பிடிக்கும். ஆனால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மணி நாலரை. இரண்டு மணிக்கே விழித்துவிட்டேன், அதையும் என் தாளில் குறித்துவிட்டேன். அக்காவுக்கும் சொல்லிவிடுவேன்.

ஜனவரி 23, இரவு

காலையில் அக்கா கூப்பிட்டாள், இன்று பகலில் ஒன்றும் எழுதாதே என்றாள். எழுதவில்லை. அந்த ஆய்வுக் குழுவுக்கு மட்டும் நாலு வரி அனுப்பினேன்: என் நோயின் பெயர் மாறிவிட்டது, உங்கள் கணக்கைத் திருத்துங்கள்.

ஜனவரி 24

ஏழு மணி நேரம் தூங்கினேன்.

ஜனவரி 29

குழுவிடமிருந்து பதில் வந்தது. அப்போது கலந்துகொண்டவர்களை மறுபடி தொடர்புகொள்ளத் தொடங்கியிருக்கிறார்களாம், என்னைப் போலப் பெயர் மாறிய வேறு சிலரும் எழுதியிருக்கிறார்களாம். புதிய பெயரைச் சேர்க்க என் சம்மதம் கேட்டார்கள். இன்னொரு தடவை ஸ்கேனுக்கு வர முடியுமா என்றும் கேட்டார்கள். இரண்டுக்கும் சரி என்றேன். இந்தத் தடவை அக்காவின் நாட்குறிப்பிலிருந்து தேதிகளையும் எடுத்துப் போகிறேன். படத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளட்டும்.

பிப்ரவரி 3

தம்பிக்கு லித்தியம் தொடங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்கேனைப் பற்றிக் கேட்க மறந்தே போனேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நல்லது. இனி ரத்தப் பரிசோதனைதான் முக்கியம். கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும், இல்லையென்றால் அளவு தப்பாகக் காட்டும். இரவு ஒன்பதுக்குப் போட்டால் காலை ஒன்பதுக்கு. காலையிலும் ஒரு மாத்திரை இருந்தால் ரத்தம் கொடுத்த பிறகு போடட்டும், கைப்பையில் எடுத்துப் போகச் சொல்லுங்கள். தண்ணீர் குறையக் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். தலைவலி, உடம்பு வலி என்று இபுப்ரொஃபென் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும். சிறுநீரகமும் தைராய்டும் எந்த மாதம் பார்க்க வேண்டும் என்பதை அவனுடைய அந்த நீளத் தாளிலேயே குறித்து வையுங்கள்.